பூச்சி கடித்த இலை

அவளோடு பேருந்தில் போவது பெரிய தொல்லை. முன்சீட்டு உறைத் துணியில் நீலப் பூவும் மஞ்சள் கோடும் இருந்தால் முறைத்துப் பார்த்துக்கொண்டே வருவாள். பிறகு விரலை வைத்து, "இதோ, இங்க ஆரம்பிக்குது. இங்க முடியுது. அடுத்த துண்டு இங்கேர்ந்து" என்று கோடு இழுப்பாள். அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முதுகில் ஏதோ ஊர்கிறது என்று துள்ளித் திரும்புவார்.

"ஒன்னுமில்ல சார். உங்க சீட்டுத் துணியில வெட்டு சரியில்ல. பூவுக்கு ஒரு இதழ் காணாமப் போயிருக்கு."

அவர் பாவம், தன் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்காருவார்.

அச்சகத்தில் அவளுக்கு ஓரக்கண்ணி என்று பெயர். கண்ணில் கோளாறு எதுவும் கிடையாது. எதைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். பெயர் வைத்தவர் அச்சு இயந்திரம் ஓட்டும் மச்சான். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி மச்சான் என்று கூப்பிடப் போக, கடைக்கு வருகிறவர்களும், கூரியர் கொண்டு வருகிறவரும், எதிர்க்கடைக்காரரும் அவரை மச்சான் என்றே கூப்பிட்டார்கள். அவள் மட்டும் கூப்பிடவில்லை.

"நான் உங்களை மச்சான்னு கூப்பிட்டா எங்க வீட்டுக்கார மேஸ்திரி ரசமட்டத்தைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாரு" என்று சொல்லி, "தம்பி" என்று கூப்பிட்டாள். மச்சானுக்குத் தாடியில் பாதி நரை. அந்தத் தம்பியைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். அது தெரிந்தே கூப்பிட்டாள்.

அச்சகம் என்றால் ஒரே ஒரு நீள அறை. வாசலில் கண்ணாடி வைத்த கவுண்டர். நடுவில் அகலமான அச்சு இயந்திரம், அதைச் சுற்றி மை வாசம். கடைசியில் ஜன்னலோரமாக அவள் மேசை. திரையில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க அட்டைப் பெட்டியைப் பிரித்து அவளே ஒரு கூரை செய்து மாட்டியிருந்தாள். மேசைக்கு முன்னால் ஒரு சுழல் நாற்காலி. கைப்பிடி கிழிந்து டேப் சுற்றியது. உருட்டினால் ஒரு சக்கரம் கீச்சென்று கத்தும்.

அந்த நாற்காலிக்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்தது முதுகு இல்லாத ஸ்டூல். இடுப்பு வலிக்கிறது, நாற்காலி வேண்டும் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் முதலாளி. மறுபடி கேட்டாள். மறுபடியும் பார்க்கலாம். மறுநாள் ஸ்டூலை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டே வேலை செய்தாள். சண்டை போடவில்லை, முணுமுணுக்கவில்லை, ஒரு வேலையும் தாமதிக்கவில்லை. நின்றாள், அவ்வளவே. வருகிறவர்கள் எல்லாம் "ஏன் அந்தம்மா நிக்குது?" என்று முதலாளியைக் கேட்டார்கள். "நாற்காலி வர்ற வரைக்கும் நிக்கிறேன்" என்று அவள் அங்கிருந்தே பதில் சொன்னாள். ஒரு வாரம் தாங்கினார் முதலாளி. பிறகு எங்கிருந்தோ பழைய நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தது. கேட்டு வாங்கிய நாற்காலி, கிழிந்திருந்தாலும் உட்காரச் சுகமாகத்தான் இருந்தது.

இதற்கு முன்னால் அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்தாள். பாஸ்போர்ட் படத்தில் முகப்பருவை அழிப்பது, கலைந்த முடியைப் படியவைப்பது, அழுத குழந்தையின் கண்ணீரைத் துடைப்பது. லேயர் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றாள். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த மாதிரி. கீழே ஆள், மேலே கோட்டு, அதற்கும் மேலே டை. டையை எடுத்தாலும் கோட்டு அப்படியே இருக்கும். கோட்டே இல்லாமல் வந்த எத்தனையோ பேருக்குக் கோட்டு மாட்டி வேலைக்கு மனுப் போடவைத்தவள் அவள்.

அச்சகத்தில் வேலை வேறு. இங்கே ஒரு சதுரத் துண்டு செய்தால் போதும். அதைப் பேட்டர்ன் என்று மென்பொருளிடம் ஒப்படைத்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு பெரிய இடத்தையும் அது நிரப்பிவிடும். நெளிவுசுளிவு எல்லாம் ஓரத்தில்தான். இடது ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட பூ, வலது ஓரத்தில் மிச்சப் பாதியாக இருக்க வேண்டும். துண்டும் துண்டும் சேரும்போது பூ முழுசாக வேண்டும். மயிரிழை தப்பினாலும் கோடு தெரியும்.

அவள் முதலில் செய்தது பரிசுப் பொட்டலம் சுற்றும் காகிதம். நட்சத்திரங்கள். அழகுக்காக ஒவ்வொன்றுக்கும் கீழே நிழல் விழவைத்தாள். நிழலைக் கையால் வரையத் தேவையில்லை, லேயருக்கு எஃபெக்ட் கொடுத்தால் தானாக விழும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து என்று ஒரு கோணம் சொன்னால் எல்லா நிழலும் அதற்குக் கட்டுப்படும். பார்க்கப் பிரமாதம். சுருள் முழுக்க அச்சாகி வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, துண்டின் ஓரத்தில் இருந்த நிழல் எல்லாம் கத்தியால் நறுக்கின மாதிரி நின்றுபோயிருந்தது. நட்சத்திரம் பக்கத்துத் துண்டுக்குத் தாண்டியது, நிழல் தாண்டவில்லை. காகிதம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு.

"நட்சத்திரம் கேட்டா ஜன்னல் கம்பி போட்டுக் குடுத்திருக்கியேம்மா!" என்று தலையில் கைவைத்தார் முதலாளி.

அன்றைக்கே காரணத்தைக் கண்டுபிடித்தாள். துண்டில் வெறும் நட்சத்திரம் மட்டும் இருக்க வேண்டும். அதைத் தாள் முழுக்க நிரப்பிவிட்டு, நிரப்பிய அந்த முழு லேயருக்கும் சேர்த்து நிழல் கொடுக்க வேண்டும். அப்போது வெட்டு இல்லை, கோடு இல்லை. "துண்டுக்கு நிழல் போடாதே, முழுத் தாளுக்கும் போடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு அவள் வேலையில் ஓரம் தெரிந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அவளும் அதை அடக்கமாக வைத்துக்கொள்ளவில்லை. "எங்க ஒட்டியிருக்குன்னு காட்டுங்க பாப்போம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சவால் விட்டாள்.

வீட்டிலும் துண்டோடு துண்டு சேர்க்கிறவர் ஒருவர் இருந்தார். அவள் கணவர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. இரண்டு பேருக்கும் தொழில் சண்டை ஓயாது.

"உன் துண்டுக்கு எடை உண்டா? தூக்கிப் பாத்திருக்கியா? முட்டி தேஞ்சிருக்கா?" என்பார் அவர்.

"உங்க துண்டு மூலைக்கு வந்தா வெட்டணும். எனக்கு மூலையே கிடையாது. போய்க்கிட்டே இருக்கும்."

"எங்க போகும்? கடைசியில சுவரு வரும்ல?"

"சுவரு வந்தா நிக்கும். உங்க சிமெண்டு மாதிரி அழுக்குக் கோடு விடாது."

அவர்கள் வீட்டுத் தரை மேஸ்திரி பல இடங்களில் மிஞ்சியதைக் கொண்டுவந்து பதித்தது. ஒரு டைல்ஸுக்கும் இன்னொன்றுக்கும் உறவு கிடையாது. வெளியே எங்கும் ஓயாத அவள் கண், வீட்டுக்கு வந்தால்தான் சும்மா இருந்தது. இதை அவரிடம் அவள் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் புரியாது அவருக்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தார். கையில் ஒரு பென்டிரைவ், அதற்குள் ரெடிமேட் பேட்டர்ன்களின் பெரிய மூட்டை. பூ, இலை, கல், மரம், மேகம், என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"பாத்தியாம்மா? ஆயிரக்கணக்குல இருக்கு. சொடுக்குனா போதும், மச்சானே போட்டுடுவான். நீ முன்னாடி கவுண்டருக்கு வந்துடு. ஆளுங்ககிட்ட நல்லாப் பேசுற."

"பேச வருதுங்கிறதுக்காக நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கணுமா சார்?"

"சம்பளம் அதேதான்."

"சம்பளத்தை நான் கேக்கலையே. என் வேலையைக் கேக்குறேன்."

முதலாளி கெட்டவர் இல்லை. முதலாளி, அவ்வளவுதான். சொடுக்கினால் வரும் இலைக்கு இடுப்பு வலிக்காது, நாற்காலி கேட்காது. அவர் கணக்கு அவருக்கு.

அந்தச் சமயத்தில் ஒரு பிரசவ மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா வந்தார். காத்திருக்கும் கூடத்தில் நீளமாக ஒரு சுவர், அதற்கு இலைகள் போட்ட ஒட்டுத்தாள் வேண்டும். மச்சான் ரெடிமேட் மூட்டையைத் திறந்து காட்டினார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே போனார், பார்த்துக்கொண்டே போனார், கடைசியில் "எல்லாம் ஹோட்டல் மாதிரி இருக்கே" என்றார்.

அவள் பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"சார், இந்தச் சுவத்தை நான் பண்றேன். நல்லா வந்தா என் நாற்காலி என் மூலையில. சொதப்புனா நானே தள்ளிக்கிட்டு கவுண்டருக்கு வந்துடுறேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றார் முதலாளி.

"நான் எப்ப சார் மாறியிருக்கேன்? ஒரு வாரம் நின்னவ நான்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிடித்திருந்தது.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனாள். சுவருக்கு எதிரே வரிசையாக இரும்பு நாற்காலிகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள், பக்கத்தில் துணைக்கு வந்த அம்மாக்கள், மாமியார்கள். எல்லார் கண்ணும் சுவரில். சுவரில் ஈரக் கறை.

"வர்றவங்க ரொம்ப நேரம் இதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. மரத்தடியில உக்காந்த மாதிரி இருந்தா நல்லாருக்கும்" என்றார் டாக்டரம்மா.

இடது பக்கம் பெரிய ஜன்னல். வெளிச்சம் அங்கிருந்து மேலாக வந்தது. நிழல் எல்லாம் வலது கீழாக விழ வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள். சுவரில் உள்ள இலைக்கும் கூடத்தில் உள்ள ஆளுக்கும் ஒரே வெளிச்சம். வாசலில் நின்ற மரத்திலிருந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒன்று பூச்சி கடித்தது. மேல் பக்கத்தில் அரைவட்டமாக, பல் பதிந்த பிஸ்கட் மாதிரி ஒரு கடி.

அந்த இலையின்மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. நரம்பு நரம்பாகத் தீட்டினாள். கடித்த விளிம்பில் பழுப்பு ஏற்றினாள். மற்ற இலைகள் நன்றாக இருந்தன, இது உயிரோடு இருந்தது. துண்டின் நடுவில் கம்பீரமாக உட்காரவைத்தாள். மாதிரித் தாளைப் பார்த்த டாக்டரம்மா நேராக அந்த இலையில்தான் விரல் வைத்தார். "இது ஒன்னு போதும்மா. கடையில வாங்குனது இல்லன்னு சொல்றதுக்கு."

அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியுமா? ஓரங்களைச் சரிபார்த்தாள். ஒன்றுக்கு நாலு முறை. வெட்டு இல்லை. அடுத்தடுத்த வரிசையைப் பாதித் துண்டு தள்ளிப் போட்டாள், செங்கல் கட்டுவது மாதிரி. முழுச் சுவருக்கும் சேர்த்து நிழல் கொடுத்தாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள், ஒவ்வொரு விளிம்பும் சுத்தம். மொத்தச் சுவரையும் திரைக்குள் சுருக்கினால் பச்சைக் கலங்கலாகத்தான் தெரிந்தது, அதனால் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சடிக்கச் சொன்னாள்.

"நம்ம சுவத்துல ஒட்டு எங்கன்னு கடவுளே வந்தாலும் காட்ட முடியாது" என்று மேஸ்திரியிடம் சொன்னாள்.

"அவருக்கு வேற வேலை இல்லையா" என்றார் மேஸ்திரி.

ஒட்டுகிற அன்று காலையில் மச்சான் வண்டியில் சுருள்களை இறக்கினார். ஏணியில் ஏறியவர் பசைக்கார அண்ணன். சுவரொட்டி ஒட்டி ஒட்டிக் கை பழகியவர், பேச்சு குறைவு. ஒரு பட்டை ஒட்டினார், பக்கத்தில் அடுத்த பட்டை. இரண்டும் சேரும் இடத்தில் இலையோடு இலை பொருந்தி மூடிக்கொண்டது. அவள் முகத்தை ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கோடே இல்லை. காத்திருந்தவர்கள் "அடேயப்பா" என்றார்கள். அவள் அந்த அடேயப்பாவை நன்றாக வாங்கிக்கொண்டாள்.

பாதிச் சுவர் ஏறியிருக்கும். மருமகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு வயதான மாமியார், வெகுநேரமாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், வாயைத் திறந்தார்.

"ஏம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பூச்சி மட்டும் ஏன் இப்படி வரிசையா தின்னுக்கிட்டே போகுது?"

கூடமே சிரித்தது. அவள் திரும்பி, மெல்லப் பின்னால் நடந்து, வாசல் வரைக்கும் போய் நின்று பார்த்தாள்.

இருந்தது. கடித்த இலை, அடுத்து கொஞ்சம் தள்ளிக் கீழே கடித்த இலை, அடுத்து இன்னொன்று. கூரையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக, சிப்பாய்கள் மாதிரி அணிவகுத்து நின்றன. பக்கத்தில் இன்னொரு வரிசை. பச்சைக்குள் எத்தனையோ இலைகள் மறைந்து கிடந்தன, இது ஒன்று மட்டும் நான் நான் என்று கத்தியது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் வேறு எதுவும் தெரியவில்லை. மரத்தடி எங்கே? அங்கே இருந்தது கம்பி வேலி.

விஷயம் எளியது. அவள் காலமெல்லாம் ஓரத்தைப் பார்த்தவள். தப்பு இந்த முறை நடுவில் இருந்தது. அதுவும் அவள் ஆசை ஆசையாய்க் கொண்டுவந்து வைத்த இடத்தில். ஒரே ஒரு முறை வரும்போது அழகாக இருப்பது, நூறு முறை வந்தால் அழகாக இருக்கும் என்று யார் சொன்னது?

மச்சான் அதற்குள் கைபேசியில் படம் எடுத்துவிட்டார். அனுப்பியும் விட்டார். கொஞ்ச நேரத்தில் முதலாளி அழைத்தார்.

"என்னம்மா, ஓரக்கண்ணி? கோணல் கோணலா போகுது போல?"

"பாத்துட்டேன் சார். சரி பண்றேன்."

"திரும்ப அச்சடிக்கல்லாம் முடியாது."

"நான் அதைக் கேக்கவே இல்லையே."

"நாற்காலியை முன்னாடி இழுத்துப் போடச் சொல்லிட்டேன். நீதான சொன்ன?"

"நானே தள்ளிக்கிட்டு வருவேன்னு சொன்னேன். உங்களை யாரு தள்ளச் சொன்னா? சாயங்காலம் வந்து சுவத்தைப் பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

போனை வைத்தாள். நேராக டாக்டரம்மா அறைக்குப் போனாள். ஒருவர் வெளியே வந்ததும் உள்ளே நுழைந்தாள்.

"டாக்டரம்மா, சுவத்துல தப்பு இருக்கு. என் தப்புதான், வேற யாரும் பண்ணல. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்."

"நான் பாக்கலையே? எனக்கு நல்லாத்தானே தெரிஞ்சுது."

"நீங்க உள்ள இருக்கீங்க. வெளிய உக்காந்திருக்கிறவங்க பாத்துட்டாங்க. சுவரு அவங்களுக்குத்தான?"

டாக்டரம்மா தலையாட்டினார். பசைக்கார அண்ணனிடம் மிச்சப் பட்டைகளையும் ஒட்டச் சொல்லிவிட்டு, மச்சானின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"மிச்சத்தையும் ஒட்டச் சொல்றியே, வரிசை இன்னும் நீளமாப் போகும்" என்றார் மச்சான்.

"போகட்டும் தம்பி. முழுசா ஏறட்டும். மொத்தமா பாத்தாத்தான் எதை மறைக்கணும்னு தெரியும்."

அச்சகத்தில் நாற்காலி நிஜமாகவே கவுண்டருக்குப் போயிருந்தது. அதன்மேல் யாருடைய பையோ உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், தன் மேசை முன்னால் நின்றாள். நின்றுகொண்டே கணினியைத் திறந்தாள். நிற்பது அவளுக்குப் புதிதா என்ன?

வழி அவளுக்கு வண்டியிலேயே பிடிபட்டிருந்தது. கோட்டுக்கு மேல் டை போடத் தெரிந்தவளுக்குச் சுவருக்கு மேல் ஒரு லேயர் போடத் தெரியாதா? தனித்தனி இலைகளாக அச்சடித்து, வெட்டி, கடித்த இலைகளின்மேல் ஒட்டிவிட வேண்டியது. ஆனால் ஒரே இலையை எல்லா இடத்திலும் ஒட்டினால் அது இன்னொரு வரிசை ஆகிவிடும். அதனால் விதவிதமாகச் செய்தாள். ஒன்றைத் திருப்பினாள், ஒன்றை மடித்தாள், ஒன்றுக்கு எஃபெக்டில் வேறு நிறம் ஏற்றி மஞ்சளாக்கினாள், ஒன்றை இளந்தளிராக்கினாள். எல்லாம் கடித்த இலையைவிடக் கொஞ்சம் பெரிசு.

மச்சான் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "நிழல் போடலையா?"

"வேணாம். நிழல் ஏற்கெனவே சுவத்துல இருக்கு. கடி மேல் பக்கம், நிழல் கீழ்ப் பக்கம். மேல இருக்கிறதை மூடுனா கீழ இருக்கிற நிழல் இதுக்கும் பொருந்திடும்."

மச்சான் திரையில் அந்த இலைமேல் விரல் வைத்தார். "கடி கீழ இருந்திருந்தா?"

"செத்திருப்பேன். கீழ இல்லல்ல, அதான் பேசாம இருக்கேன். அந்தச் சுருளோட கடைசி மிச்சத்தைப் போடுங்க தம்பி."

"மாமா கேட்டா?"

"குப்பைக்குப் போறதை உங்க மாமா என்னைக்கு எண்ணியிருக்காரு?"

மச்சான் சிரித்துவிட்டார். படம் எடுத்து அனுப்பிய கைதான், இப்போது இயந்திரத்தைத் தட்டிவிட்டது. இலைகள் குவியலாக வந்து விழுந்தன. இரண்டு பேரும் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதாவது அவர் உட்கார்ந்தார், அவள் நின்றாள். நாற்காலி எதிரே இருந்தது. "உக்காந்துக்கோயேன், யாரு பாக்கப் போறா" என்றார் மச்சான்.

"அது கவுண்டர்ல கிடக்குற வரைக்கும் என் நாற்காலி இல்ல."

திரும்ப மருத்துவமனைக்குப் போனபோது சுவர் முழுக்க ஏறியிருந்தது. வரிசைகளும் முழுக்க ஏறியிருந்தன. பசைக்கார அண்ணன் ஏணியடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த மாமியார் இன்னும் அங்கேயே இருந்தார். மருமகளை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் வாசலில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து கத்தினாள். "அண்ணே, ஜன்னலோரம் மேல இருக்கே, அதுல மஞ்சளை ஒட்டுங்க. அதுக்குக் கீழ மடிஞ்சது. அடுத்ததை விட்டுடுங்க."

"எது? இதுவா?"

"அது இல்ல, அதுக்குப் பக்கத்துல."

"இதோ பாரும்மா, நீ அங்கேர்ந்து கையை ஆட்டுனா எனக்கு இங்க எல்லா இலையும் ஒன்னாத்தான் தெரியுது" என்றார் அண்ணன். பட்டைக்கு மூக்கை ஒட்டி நின்றவருக்கு வரிசை எப்படித் தெரியும்? காலையில் அவளுக்கும் தெரியவில்லைதானே.

மாமியார் எழுந்தார். "நான் சொல்றேன். தம்பி, உன் வலது கைக்கு நேரா, கொஞ்சம் ஏறு. ஆங், அதான். அதை மூடு."

இன்னொரு பெண் சேர்ந்துகொண்டாள். "அந்தக் கோடியில ஒன்னு இருக்குக்கா, அதை விட்டுட்டீங்க."

"அதை விடட்டும்டி. எல்லாத்தையும் மூடிட்டா பூச்சி எதைத் திங்கும்?"

"வாசப்படிக்கிட்ட ஒன்னு விடுங்க. எம் பையன் நேத்து முழுக்க அழுதுக்கிட்டே இருந்தான், இதைத் தேடிக்கிட்டு உக்காருவான்."

ஆளுக்கொரு பேச்சு. எதை மூடுவது, எதை விடுவது என்று கூடம் ரெண்டுபட்டது. யாரோ கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். நர்ஸ் வந்து "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் தானும் ஒரு இலையைக் காட்டிவிட்டுப் போனார். அவள் எல்லாருக்கும் காது கொடுத்தாள், முடிவை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டாள். வரிசை உடைய உடைய, பின்னால் கிடந்த மற்ற இலைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. வேலி மறைந்தது. மரத்தடி வந்தது.

முதலாளி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரில் விழுந்து, அச்சடித்த நிழலும் ஆட்களின் நிழலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. முதலாளி கைபேசிப் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"எங்க மச்சான், அந்த வரிசை?"

"இங்கதான் மாமா இருந்துச்சு" என்றார் மச்சான். இரண்டு மஞ்சள் இலைகளை ஒட்டியதே அவர்தான் என்பதை அவர் சொல்லவில்லை.

"தேடுங்க தம்பி, நல்லா தேடுங்க" என்றார் மாமியார் முதலாளியிடம். "நாங்கல்லாம் அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கோம்."

முதலாளி சுவரோரமாக நடந்தார். ஒட்டின இலை ஒன்றைக் கண்டுபிடித்து நகத்தால் சுரண்டினார். "இங்க தடிப்பா இருக்கே."

"இலைன்னா தடிப்பா இருக்காதா?" என்றாள் அவள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். வாசல்படியருகே, முழங்கால் உயரத்தில், விட்டுவைத்த கடித்த இலை ஒன்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இதை எடுத்துடுவீங்களோன்னு நெனச்சேன். மேல் மாடி வராந்தாவுக்கும் இதே மாதிரி வேணும்."

"இதே டிசைனை அப்படியே போட்டுடலாம் டாக்டர்" என்றார் முதலாளி சட்டென்று. "மச்சான் போட்டுடுவான்."

"இதே டிசைனை அப்படியே போட்டா அதே வரிசை வரும் சார்" என்றாள் அவள். "புதுசா பண்ணணும். துண்டைப் பெருசாக்கணும். கடிச்ச இலை தனி லேயர்ல இருக்கணும், துண்டுக்குள்ள வரவே கூடாது. நான் பண்ணித் தர்றேன். கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு பண்ண முடியாது."

டாக்டரம்மா இருக்கும்போது முதலாளி என்ன சொல்வார்? "யாரு உன்னைக் கவுண்டர்ல உக்காரச் சொன்னா?" என்றார்.

"நல்லது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று அவள் கூடத்தைப் பார்த்தாள். கேட்டுக்கொண்டோம் என்று மாமியார் முதல் குரல் கொடுத்தார்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலிமேல் இருந்த பையை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள். கிழிந்த கைப்பிடியைப் பிடித்து உருட்டினாள். கீச், கீச் என்று கத்திக்கொண்டே அது இயந்திரத்தைத் தாண்டிப் போனது. அவளைக் கூட்டிப்போக வந்து வாசலில் வண்டியோடு நின்ற மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், லாரி ஓட்டுறீங்க?"

"இருங்க, பார்க் பண்ணிட்டு வர்றேன்."

மூலையில் நிறுத்தினாள். உட்கார்ந்தாள். உடனே வீட்டுக்குக் கிளம்பவில்லை. கணினியைத் திறந்து, துண்டின் நடுவிலிருந்து கடித்த இலையை வெட்டியெடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே தனி லேயரில் வைத்தாள். காலியான இடத்தில் சாதாரண இலை ஒன்றை வைத்தாள். நிரப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து நடந்து, கவுண்டர் வரைக்கும் வந்து சாய்ந்து நின்றாள். அறையிலேயே தூரமான இடம் அதுதான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எதுவும் முந்திக்கொண்டு கத்தவில்லை.

முதலாளி உள்ளே நுழைந்தார். "என்னம்மா, கடைசியில கவுண்டருக்கே வந்துட்ட?"

"பாக்க வந்தேன் சார்" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "உக்கார இல்ல."